காயாத கானகத்தே: பாதி மட்டும் மிஞ்சிய ஒரு காதல் பாட்டு

பழைய சினிமாப் பாட்டுப் பிரியர்கள் நாலு பேர் கூடினால் ரெண்டு பாட்டு கண்டிப்பாகப் பேச்சில் வரும். ஒன்று, 1944ல் வந்த 'ஹரிதாஸ்' படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடிய 'மன்மத லீலையை'. இன்னொன்று, அடுத்த வருஷம் 'ஸ்ரீ வள்ளி'யில் டி.ஆர். மகாலிங்கம் பாடிய 'காயாத கானகத்தே'. முதலாவதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்த கதை எல்லாருக்கும் மனப்பாடம். இரண்டாவது பாட்டைப் பற்றி யார் பேசினாலும் 'என்ன குரல்யா அது!' என்பதோடு நின்றுவிடுகிறது. குரல் பெரிய குரல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாட்டுக்குள் வேறொரு கதை இருக்கிறது. அது எங்கள் கரிசல் பக்கத்தோடு சம்பந்தப்பட்ட கதை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். 'காயாத கானகத்தே' ஒரு தனிப்பாட்டு இல்லை. அது ஒரு வாக்குவாதத்தின் பாதி. ஒரு ஆண் கேட்கும் கேள்வி அது. அதற்கு ஒரு பெண் பதில் சொல்வாள், அவன் மறுப்பான், அவள் மடக்குவாள், விடியும் வரை இது ஓடும். இசைத்தட்டும் சினிமாவும் வந்தபோது கேள்வி மட்டும் தப்பித்து வந்தது, பதில் மேடையிலேயே தங்கிவிட்டது. இன்றைக்கு நாம் அதை 'அழகான காதல் பாட்டு' என்று கேட்கிறோமே, அந்த அழகில் ஒரு பங்கு எதிராளி வாயடைக்கப்பட்டதால் வந்தது.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம்.

பாட்டு 'வள்ளி திருமணம்' நாடகத்தைச் சேர்ந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் வழங்கி வருவது. சுவாமிகள் 1867ல் பிறந்த ஊர் காட்டுநாயக்கன்பட்டி. இன்றைய தூத்துக்குடி மாவட்டம். கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் என்று பரந்து கிடக்கிற மானாவாரி பூமியின் ஒரு ஓரம். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து. மழை பெய்தால் கால் வைக்க முடியாத களி, பெய்யாவிட்டால் கையை உள்ளே விடுகிற அளவு வெடிப்பு. வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர், தூத்துக்குடியில் உப்பளத்தில் கணக்கு எழுதியவர். பிறகு நாடகத்துக்கு வந்து, 1922ல் புதுச்சேரியில் சாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

வெயிலில் வெந்து போன மண்ணில் பிறந்தவர் 'காயாத கானகம்' என்று தொடங்கும் பாட்டோடு நினைக்கப்படுகிறார் என்றவுடன், 'ஆகா, வறண்ட பூமிக்காரனின் ஏக்கம்!' என்று எழுதத் தோன்றும். நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். வள்ளியின் தினைப்புனம் மலையில் இருக்கிறது, குறிஞ்சித் திணை. பச்சைக் காடு என்பது அந்தக் கதைக்கு இலக்கணம் விதித்த பின்புலம். யார் எழுதியிருந்தாலும் காடு காயாமல்தான் இருந்திருக்கும். கரிசலுக்கும் இந்தப் பாட்டுக்கும் உள்ள உறவு மண்ணின் நிறத்தில் இல்லை. பாட்டைக் கேட்ட விதத்தில் இருக்கிறது.

அதைச் சொல்வதற்கு முன்னால் பாட்டின் கட்டுமானம். காட்சி இதுதான்: வள்ளி பரண் மேல் நின்று தினை காக்கிறாள். கவணும் கையுமாகக் குருவி விரட்டுகிறாள். முருகன் வேடன் வேஷத்தில் வருகிறான். நேராக 'உன்னைப் பிடிச்சிருக்கு' என்று சொன்னால் கதை முடிந்துவிடுமே? அதனால் மானைத் தேடி வந்ததாக ஒரு சாக்கு. பாட்டில் மானும் வருகிறது, பெண்ணும் வருகிறாள், எது எதைக் குறிக்கிறது என்பதில்தான் விளையாட்டு. இயற்கையாக ஒரு பொருளுக்கு உள்ள குணத்தை மறுத்து மறுத்து அடுக்குகிற உத்தி. காயாத காடு என்பதில் தொடங்கி, மேய்கிற பிராணி மேயாது என்று போகும். 2017ல் 'மேயாத மான்' என்று ஒரு படம் வந்ததே, அந்தப் பெயர் இந்தப் பாட்டிலிருந்து போனதுதான். மறுப்புகளை வரிசையாகக் கேட்கிறவனுக்கு மூன்றாவது இடத்திலேயே புரிந்துவிடும், இவன் தேடுவது நாலு கால் மானை இல்லை என்று.

இந்த 'மானைப் பார்த்தாயா' உத்தி நாடகக்காரர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. அகத்துறைகளில் ரொம்பப் பழசு. திருக்கோவையாரில் மதியுடம்படுத்தல் என்றொரு அதிகாரம். அதில் துறைப் பெயர்களைப் பாருங்கள்: வேழம் வினாதல், கலைமான் வினாதல், வழி வினாதல், பதி வினாதல், பெயர் வினாதல். யானை வந்ததா, மான் வந்ததா, ஊருக்கு எந்த வழி, உங்கள் ஊர் எது, பேர் என்ன. பஸ் ஸ்டாண்டில் பெண்ணிடம் பேச்சுக் கொடுக்க டைம் கேட்கிற பையனின் அதே வரிசை! ஆயிரம் வருஷத்தில் டெக்னிக் மாறவே இல்லை. நான் கவனிக்கச் சொல்வது அடுத்த துறையை. அதன் பெயர் 'மொழிபெறாது கூறல்'. அதாவது, இவ்வளவு கேட்டும் பதில் வராததால் அவன் மேலும் பேசுவது. கோவை இலக்கியத்தில் தலைவியும் தோழியும் அந்த இடத்தில் வாய் திறப்பதில்லை. கேள்வி மட்டும் அடுக்கடுக்காக வரும்.

நாடக மேடை செய்த பெரிய மாற்றம் இங்கேதான். வள்ளிக்கு வாய் கொடுத்தார்கள். வேடன் கேட்டால் வள்ளி பாட்டிலேயே பதில் சொல்வாள். 'தர்க்கம்' என்றே அந்தப் பகுதிக்குப் பெயர். நாரதர் வந்தால் நாரதர்–வள்ளி தர்க்கம், வேடன் வந்தால் வேடன்–வள்ளி தர்க்கம். 'மான் தேடி வந்தவனுக்குப் பொண்ணுகிட்ட என்ன பேச்சு' என்கிற தொனியில் அவள் எடுப்பாள். சனம் உட்கார்ந்திருப்பது இதற்குத்தான். கல்யாணம் எப்படியும் நடக்கும், தலைப்பிலேயே சொல்லியாச்சு. நடுராத்திரிக்கு மேல் தூக்கம் கலைந்து எழுந்து உட்காருவது யார் யாரை மடக்கப் போகிறார்கள் என்பதற்காக.

ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். கம்பெனி நாடகம் என்றால் ஒரே குழு, ஒத்திகை, கட்டுப்பாடு. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து, பபூன் இன்னொரு ஊர், ஆர்மோனியக்காரர் மற்றொரு ஊர். ஏஜென்ட் மூலம் தனித்தனியாகப் பேசி முடித்திருப்பார்கள். ஒத்திகை கிடையாது. சில சமயம் அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள். பத்து மணிக்குத் தொடங்கி விடியக்காலை வரை நாடகம். இது எப்படி சாத்தியம்? எல்லாருக்கும் பொதுவாக சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் காட்சி வரிசையும் தெரியும். என் தொழில் பாஷையில் சொன்னால் அது ஒரு ப்ரோட்டோகால். முன்பின் பேசிக்கொள்ளாத ரெண்டு சிஸ்டம், எந்த அழைப்புக்கு எந்த மாதிரி பதில் வரணும் என்பது மட்டும் முன்கூட்டியே ஒப்பந்தம். உள்ளே என்ன பேசுகிறோம் என்பது அவரவர் சாமர்த்தியம்.

இதில் ஒரு முரண் உண்டு. சுவாமிகளுக்கு இந்த 'அவரவர் சாமர்த்தியம்' பிடிக்கவில்லை. எழுதிக் கொடுத்ததைப் பெரிய நடிகர்கள் இஷ்டத்துக்கு மாற்றிப் பேசியதில் சலித்துத்தான் சிறுவர்களை வைத்து நாடக சபை நடத்த வந்தார் என்பார்கள். 1918ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை அப்படி வந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். பாய்ஸ் கம்பெனியில் வள்ளியும் பையன்தான். ஆக, எழுதியவர் விரும்பியது கட்டுக்கோப்பான வள்ளியை. ஆனால் நூறு வருஷம் தாண்டி அவர் பெயரை ஊர் ஊராகக் காப்பாற்றி வருவது கட்டுக்கோப்பை மீறி வாயாடுகிற வள்ளி. நாடகத் தமிழின் தலைமையாசிரியர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். அந்த வகுப்பில் அடங்காத மாணவிதான் முதல் மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

இப்போது கரிசலில் கேட்ட விதத்துக்கு வருகிறேன். கழுகுமலை எங்களுக்கு ரொம்பப் பக்கம். அந்த முருகன் மேல் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டில் காவடிச்சிந்து பாடினார். ஊத்துமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தவர். காவடி தூக்கிப் போகிறவர்கள் பாடும் பக்திப் பாட்டுதான், ஆனால் உள்ளே பாதிக்கு மேல் காதல் ஓடும். அதில் பெண் பேசுவாள், தோழியிடம் புலம்புவாள், முருகனைக் குற்றம் சொல்வாள். ஆக, நாடகம் வருவதற்கு முன்பே இந்தப் பக்கத்துச் சனத்துக்கு முருகன் கதையில் பெண்குரல் கேட்டுப் பழக்கம். பம்பாயிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ வந்த புதுச் சரக்கு இல்லை இது.

இன்னொன்று. தினைப்புனம் என்பது இங்கே உருவகம் இல்லை. கம்பும் சோளமும் பால் பிடிக்கிற நேரத்தில் பரண் போட்டுக் குருவி விரட்டியவர்கள்தான் நாடகம் பார்க்க உட்கார்ந்தார்கள். வேலை செய்துகொண்டிருக்கிற பொம்பளையிடம் வழியில் போகிறவன் வந்து வம்பளந்தால் அவள் என்ன சொல்வாள் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். 'மான்' என்று அவன் ஆரம்பித்தவுடன் சிரிப்பு வருவது அதனால்தான். (இன்றைக்குக் காட்டுப்பன்றி, மான், மயில் என்று எல்லாமே வெள்ளாமையில் இறங்குவதாக விவசாயிகள் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மக்காச்சோளத்தைக் கொத்துவது முருகனோட வாகனமேதான். அவன் வேடனாக வந்து அதற்கு ஒரு வழி பண்ணினால் புண்ணியமாகப் போகும்.)

அந்தத் தினைப்புனக் காட்சியின் பலம் வேறொரு இடத்தில் தெரிந்தது. விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் நாகலாபுரம் என்று ஒரு ஊர். மதுரகவி பாஸ்கரதாஸ் வளர்ந்த ஊர். 1931ல் வந்த முதல் தமிழ் பேசும்படமான 'காளிதாஸ்'க்குப் பாட்டு எழுதியவர் அவர்தான். அதாவது, தமிழ் சினிமாப் பாட்டின் முதல் எழுத்தே கரிசல் மண்ணிலிருந்து போனது. அவருடைய நாட்குறிப்புகளைப் பேரன் ச. முருகபூபதி தொகுத்துப் புத்தகமாகக் கொண்டுவந்திருக்கிறார். கோவில்பட்டிக்காரர், 'மணல்மகுடி' நாடகக்குழுவை நடத்துபவர். நாடகக்காரர்களும் சினிமாக்காரர்களும் இசைத்தட்டுக் கம்பெனிகளும் ஒருவரோடொருவர் எவ்வளவு பிணைந்திருந்தார்கள் என்று தெரிய ஆசைப்படுகிறவர்கள் அதைத் தேடிப் படிக்கணும்.

பாஸ்கரதாஸ் எழுதிய 'கொக்கு பறக்குதடி பாப்பா' பாட்டை எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ் வள்ளி திருமணத்தின் தினைப்புனக் காட்சியில்தான் பாடினார். பறவை விரட்டுகிற காட்சி. கொக்கு வெள்ளை. விரட்டணும். போலீஸ்காரருக்குக்கூட அர்த்தம் புரிந்துவிட்டது, பலமுறை கைது செய்தார்கள். சிவகாசியில் பிறந்த தாஸ் 1940ஆம் வருஷக் கடைசியில் சென்னையில் அதே வள்ளி திருமணத்தில் முருகனாக மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் விட்டார். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், அந்தக் காட்சியின் இயல்பே எதிர்த்துப் பேசுவது. ஒருத்தன் அதிகாரத்தோடு நிலத்துக்குள் வருகிறான், நிலத்தில் நிற்கிறவர்கள் வாய் திறக்கிறார்கள். காதலோ அரசியலோ, உள்ளே போட்ட சரக்குதான் வேற, வடிவம் அதேதான்.

இப்போது கிட்டப்பா. செங்கோட்டையில் 1906ல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பாதான் 'காயாத கானகத்தே'யை மேடையில் பெரிய பாட்டாக ஆக்கியவர். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம். மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் இருப்பவனுக்கும் கேட்கணும் என்றால் மேல் ஸ்தாயியில் நின்றுதான் ஆகணும். அந்த உச்ச சுருதியை நாம் இன்றைக்கு 'பாணி' என்று ரசிக்கிறோம். அன்றைக்கு அது ஒலிபெருக்கி.

1920களின் நடுவில் இலங்கையில் கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் ஜோடியாக மேடையேறினார்கள். நாடகம், வேறென்ன, வள்ளி திருமணம். அவர் வேடன், இவர் வள்ளி. கிட்டப்பாவின் குரலுக்கு எதிரில் நின்று பாட முடியாது என்று பயமுறுத்தினார்களாம். சுந்தராம்பாள் நின்றார், நின்றதோடு திருப்பியும் கொடுத்தார். பிறகு இருவரும் வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள். அந்த மேடைகளில் 'காயாத கானகத்தே' எப்படி ஒலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு குரல் எழும்பி முடிந்ததும் அதே உயரத்தில் இன்னொரு குரல் எழும். கேள்வி எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பதில் கூர்மையாக இருக்கணும் என்ற நிர்ப்பந்தம். பாட்டு அழகாக இருந்ததற்குக் காரணமே, பதில் சொல்ல ஆள் இருந்தது. யாரும் திருப்பி அடிக்க மாட்டார்கள் என்று தெரிந்தால் பந்தை யாரும் அவ்வளவு கவனமாக வீச மாட்டார்கள்.

1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். 27 வயசு. சினிமாவில் அவர் நடிக்கவே இல்லை. பேசும்படம் வந்து ரெண்டு வருஷம் தான் ஆகியிருந்தது. அதே 1933ல் 'வள்ளி திருமணம்' படமாகவும் வந்தது, டி.பி. ராஜலட்சுமி வள்ளி. 'காளிதாஸ்' நாயகியும் அவர்தான்.

இனி, பதில் எப்படிக் காணாமல் போனது என்ற கேள்வி. சதி ஏதும் இல்லை. பெரும்பாலும் அளவு சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம். எட்டு மணி நேர நாடகத்திலிருந்து மூன்று நிமிஷத்தை வெட்டி எடுக்கணும் என்றால் எதை எடுப்பீர்கள்? எழுதி முடிவான, மாறாத பகுதியைத்தான். கேள்விப் பாட்டு எழுதப்பட்டது. பதிலில் முக்கால்வாசி அன்றைக்கு ராத்திரி அந்த நடிகை வாயில் வந்தது. எழுதாததைத் தட்டில் ஏற்ற எந்தக் கம்பெனியும் மெனக்கெடாது. சினிமாவுக்கும் இதே கதை. 1945 போர்க்காலம், கச்சா ஃபிலிம் தட்டுப்பாடு, படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டிருந்த வருஷங்கள். நிமிஷத்துக்கு 90 அடி என்று கணக்குப் போட்டால் ரெண்டு மணி நேரம் ரெண்டு நிமிஷம். எட்டு மணி நேரம் ரெண்டு மணி நேரமாகும்போது முதலில் போவது தர்க்கம். மிஞ்சுவது கதையும் பாட்டும்.

ஆனால் முழுப் பழியையும் தட்டின் அளவு மேல் போட்டுவிடவும் முடியாது. ரெண்டு பக்கம் உள்ள தட்டில் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என்று பதியலாமே? தர்க்கப் பாட்டுகள் தட்டில் வராமலும் இல்லை. ஆனால் ஜனங்கள் நினைவில் வைத்துக்கொண்டது ஆண் குரலின் தனி ஆவர்த்தனத்தை. வீட்டில் உட்கார்ந்து தட்டு கேட்கிறவர் வேற, திருவிழாக் கூட்டத்தில் பாய் விரித்து உட்கார்கிறவர் வேற. வீட்டுக்கு ஏற்றது, கூச்சல் இல்லாத, சண்டை இல்லாத காதல்.

1945 ஏப்ரலில் ஏவி. மெய்யப்பன் தயாரித்து 'ஸ்ரீ வள்ளி' வந்தது. ஆர். சுதர்சனம் இசை. முருகன் டி.ஆர். மகாலிங்கம். சோழவந்தான் பக்கம் தென்கரைக்காரர். 1938ல் இதே மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில் சின்னப் பையனாக அறிமுகமாகி, கிட்டப்பா மாதிரி பாடுகிற பையன் என்றே பெயர் வாங்கியவர். 'காயாத கானகத்தே'யைக் கேட்டால் தெரியும், முன்னால் மைக் இருக்கிறது என்பதையே குரல் பொருட்படுத்தவில்லை. தரை டிக்கெட்காரனுக்காகப் பாடிய பாணி, தேவை தீர்ந்த பிறகும் அப்படியே தொடர்கிறது. எனக்கு இந்தப் பாட்டில் ரொம்பப் பிடித்த விஷயமே அதுதான். மேடையின் தடம் அழியாமல் இருக்கிற சினிமாப் பாட்டு. பாகவதரின் 'மன்மத லீலை' சினிமாவுக்கு என்றே செதுக்கியது, வழுவழுவென்று இருக்கும். இது அப்படி இல்லை.

அந்தப் படத்தில் வள்ளி, குமாரி ருக்மணி. நடிகை லட்சுமியின் அம்மா. அவர் பாடிய பாட்டுகளில் மெய்யப்பனுக்குத் திருப்தி வரவில்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்து, ருக்மணியின் உதட்டசைவுக்கு அந்தக் குரலைப் பொருத்தினார். பின்னணிப் பாட்டு என்ற தொழில்நுட்பத்தின் வரலாற்றில் இதை ஒரு சாதனையாக எழுதுவார்கள், சாதனைதான். பெரியநாயகி அருமையான பாடகி, அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கட்டுரையின் கோணத்தில் பார்த்தால் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. வேடன் தன் சொந்தக் குரலில் கேட்கிறான். வள்ளிக்குச் சொந்தக் குரல் இல்லை. மேடையில் இருந்த வள்ளியிடமிருந்து வார்த்தைகள் போயின, படத்துக்கு வந்தபின் தொண்டையும் போயிற்று.

பிறகு பாட்டு தன் பாட்டுக்குப் போனது. 1961ல் சிவாஜி கணேசன், பத்மினி நடித்து மறுபடி ஒரு 'ஸ்ரீ வள்ளி' வந்தபோது மகாலிங்கம் அதில் நாரதர். 1945ல் கேட்டவர் 1961ல் கோர்த்துவிடும் வேலைக்குப் போய்விட்டார். வயசானால் எல்லாருக்கும் நேர்வதுதான். பாட்டு ரேடியோவில், கேசட்டில், யூட்யூபில் என்று வந்துகொண்டே இருந்தது. கோயில் விழாக் கச்சேரியில் இன்றைக்கும் யாராவது ஒருவர் தொண்டை நரம்பு புடைக்க எடுப்பார், கைதட்டல் வாங்குவார், அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். 'அவ என்ன சொன்னா?' என்று யாரும் கேட்பதில்லை.

இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். பங்குனி, சித்திரை, வைகாசி கொடைகளில், மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம், எங்கள் பக்கம் என்று வள்ளி திருமணம் இப்பவும் நடக்கிறது. நடிகைகள் ராத்திரி ரெண்டு மணிக்கு மைக்கில் வேடனை மடக்குகிறார்கள். பகலில் அதே பெண்களைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சு வேறு. அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர் ஸ்பெஷல் நாடக நடிகைகளோடு பழகி எழுதிய ஆங்கிலப் புத்தகம் 2005ல் வந்தது, தமிழ் மேடையின் மேல் ஒட்டிய களங்கம் பற்றியே தலைப்பு. பொது இடத்தில் முன்பின் தெரியாத ஆணோடு சரிக்குச் சரி பேசுவதுதான் அந்தப் பெண்கள் செய்யும் 'குற்றம்'. கேள்விப் பாட்டு கௌரவமான பழைய பாட்டாகி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. பதில் சொல்லும் தொழில் மட்டும் இன்னும் திண்ணைக்கு வெளியே நிற்கிறது. தர்க்கத்தில் சில ராத்திரிகளில் ஆபாசம் வழிகிறது என்பார்கள், உண்மைதான். அதை வைத்து வடிவத்தையே ஒதுக்குகிறவர்கள், மான் என்ற சாக்கில் நடக்கும் பேச்சை மட்டும் தூய காதல் என்று எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

சுந்தராம்பாளைப் பற்றி இன்னும் கொஞ்சம். கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயசு 25. வெள்ளைச் சேலைக்கு மாறினார், இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். 1935ல் சினிமாவுக்கு வந்தபோது 'பக்த நந்தனா'ரில் நந்தனார் வேஷமே அவருக்கு. அதற்குச் சம்பளம் ஒரு லட்சம் என்பது அன்றைக்கு ஊர் பேசிய செய்தி. பிறகு மணிமேகலை, அவ்வையார், 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள். துறவி, கிழவி, மறுபடி துறவி. வள்ளியாக அவர் திரையில் வரவே இல்லை. கிட்டப்பாவின் கேள்விக்கு நேருக்கு நேர் பதில் பாடிய குரல் படங்களில் முருகனைச் சந்தித்ததெல்லாம் அவ்வைப் பாட்டியாகத்தான். அங்கேயும் கேள்வி கேட்கிறவன் முருகன். சுட்ட பழமா சுடாத பழமா என்ற அந்த விளையாட்டில் அவ்வை தோற்றாகணும், கதை அப்படி. 'காயாத கானகத்தே' கேட்கிறவர்கள், அது முடிந்த கையோடு சுந்தராம்பாளின் 1930களின் தட்டு ஏதாவது ஒன்றைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். எதுவானாலும் சரி. சுருதி எங்கே நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.